பாலைவனத்தில் குப்புறக் கிடந்தவர்கள்

7 ஆகஸ்ட் 1978, திங்கள்

கண்காட்சிக்காகச் செய்யும் பொம்மைப் பாலைவனத்துக்கு மணல் கிடைத்துவிட்டது. பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஓரத்தில் நானும் ஷரபுதீனும் சாக்கும் கையுமாக நின்றதைப் பார்த்து, காவலுக்கு இருந்த ஜாகா ஓடி வந்தான். ஈயம் திருட வந்தவர்கள் என்று நினைத்துவிட்டான். சாக்கைக் கவிழ்க்கச் சொன்னான். கவிழ்த்தோம். வெறும் மணல். அதற்குப் பிறகுதான் அவனுக்குச் சந்தேகம் கூடியது. வெறும் மணலை எவன் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவான்? அவன் இடத்தில் நான் இருந்தாலும் லேசில் விட்டிருக்க மாட்டேன்.

மணல் உப்பு மாதிரி வெள்ளை. ஆப்பிரிக்காவில் அப்படி இருக்காது. ஷரபுதீன் தன் சாப்பாட்டுக் கடையிலிருந்து தேயிலைச் சக்கையைக் கொண்டுவந்து கொதிக்க வைத்து மணலில் ஊற்றினான். நான் என் மனைவி முத்தம்மாவின் அடுக்களையிலிருந்து மஞ்சள் தூள் ஒரு பிடி எடுத்துப் போட்டேன். காய்ந்ததும் பார்த்தால் நூலகப் புத்தகத்தில் இருக்கிற அதே நிறம்.

நோன்பு மாதம் பிறந்துவிட்டதால் அவன் கடை சாயங்காலம்தான் திறக்கிறது. பகலெல்லாம் அவனுக்கு ஓய்வு. எனக்கு பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர் வேலை, ஈப்போ - கோலா கங்சார் தடம், காலையில் போனால் பொழுது சாயத்தான் வீடு. அதனால் பின்னறைச் சாவி ஒன்றை அவனிடம் கொடுத்தேன். இன்னொன்று என்னிடம். மூன்றாவது கிடையாது. முத்தம்மாவிடம் கொடுத்தால் துடைப்பத்தோடு உள்ளே போய்ப் பாலைவனத்தையே கூட்டித் தள்ளிவிடுவாள்.

10 ஆகஸ்ட், வியாழன்

பெரிய பலகை. மேலே சுண்ணாம்புச் சாந்தில் மேடு பள்ளம், அதன் மேல் பசை, பசையின் மேல் மணல். இடது பக்கம் ஜெர்மன்காரனின் டாங்கிகள், என் கைவேலை. வலது பக்கம் இங்கிலீஷ்காரனுடையது, ஷரபுதீனின் கைவேலை. நடுவில் எரிந்துபோன டாங்கி ஒன்று. மெழுகுவர்த்தியில் காட்டி, பிளாஸ்டிக்கை உருக்கி, கரி பூசினோம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் சூப்பர்மார்க்கெட் மேல்மாடியில் கண்காட்சி. போன வருஷம் எங்கள் டாங்கியைப் பார்த்துவிட்டு ஒருவர், பொம்மைக் கடையில் வாங்கி அப்படியே வைத்ததா என்று கேட்டார். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இந்த வருஷம் போரையே கொண்டுபோய் வைக்கிறோம்.

ஷரபுதீன் எனக்குப் பழக்கமானதே ஒரு தகராறில். பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தான். மடியில் பெரிய அட்டைப்பெட்டி, முகத்தில் திருட்டு முழி. வசமாக மாட்டினான் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஜப்பான் டாங்கி, அதன் மேல் டிக்கெட். பெட்டியைத் திறந்து பார்க்கும் அவசரத்தில் டிக்கெட்டை உள்ளே போட்டுவிட்டானாம். அன்றிலிருந்து மச்சான்தான்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

பெட்டியில் வரும் சிப்பாய்கள் எல்லாம் நின்றுகொண்டு, மண்டியிட்டுக்கொண்டு. போர் என்றால் செத்தவன் வேண்டாமா? பிளேடால் முழங்காலை அறுத்து, இடுப்பைச் சூடு காட்டி வளைத்து, எரிந்த டாங்கியைச் சுற்றி நாலு பேரைக் கிடத்தினேன். மூன்று பேர் மல்லாக்க. ஒருவன் குப்புற, முகம் மணலுக்குள்.

முத்தம்மா காபி கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இவங்கல்லாம் யாரு என்று கேட்டாள். செத்த சிப்பாய்கள் என்றேன். பேர் தெரியுமா என்றாள். பிளாஸ்டிக்குக்குப் பேர் வைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தேன். அப்புறம் இவங்கள எங்க பொதைச்சாங்க என்றாள். எங்கே புதைப்பது, மணல் மூடியிருக்கும், போ என்றேன். காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சர்க்கரை போட மறந்திருந்தாள்.

16 ஆகஸ்ட், புதன்

மல்லாக்கக் கிடந்தவர்களில் ஒருவனைக் காணவில்லை.

17 ஆகஸ்ட், வியாழன்

தரையெல்லாம் தேடினேன். மேசைக்கு அடியில், சாயப் பெட்டிக்குள், என் செருப்புக்குள்கூட. இல்லை.

20 ஆகஸ்ட், ஞாயிறு

இன்னொருவனும் போய்விட்டான். மணலில் அவன் கிடந்த பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. பிடுங்கினால் பசையோடு மணலும் பெயர்ந்து வரும். இது ஓரத்தில் நகம் விட்டு, பதமாக எடுத்த வேலை. டாங்கியில் கை வைக்கவில்லை, நிற்கிற சிப்பாய் மேல் கை வைக்கவில்லை. செத்தவனை மட்டும் தேர்ந்தெடுத்துத் தூக்குகிற திருடன் எந்த ஊர்த் திருடன்?

பூட்டு உடையவில்லை, ஜன்னல் கம்பி சரியாக இருக்கிறது. சாவி இரண்டு. ஒன்று என் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

எழுதவே கை கூசுகிறது. ஆனால் எத்தனை வருஷமாக முகம் பார்த்து டிக்கெட் இல்லாதவனைப் பிடிக்கிறேன். பழகியவன் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா?

22 ஆகஸ்ட், செவ்வாய்

கதவு இடுக்கில் கறுப்பு நூல் ஒன்றை எச்சில் தொட்டு ஒட்டிவிட்டுப் போனேன். மாலையில் நூல் கீழே கிடந்தது. ஷரபுதீன் பகலில் வந்து டாங்கிச் சங்கிலிக்குத் துரு பூசியிருக்கிறான், அதனால் நூல் விழுந்ததில் ஒன்றும் இல்லை. எனக்கே என் புத்தியை நினைத்து வெட்கமாக இருந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். மல்லாக்கக் கிடந்த மூன்றாமவனும் இல்லை.

குப்புறக் கிடப்பவன் மட்டும் இருக்கிறான்.

24 ஆகஸ்ட், வியாழன்

நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்து ஷரபுதீனைக் கேட்டேன். பல்லி தூக்கிட்டுப் போயிருக்கும் மச்சான், வேற செஞ்சுக்கலாம்லா என்றான். சொல்லும்போது கையில் இருந்த பிரஷைப் பார்த்தானே தவிர என்னைப் பார்க்கவில்லை. பல்லியாம். யார் காதில் பூ சுற்றுகிறான்?

எதற்காக எடுப்பான் என்றுதான் பிடிபடவில்லை. தனியாக ஒன்று செய்கிறானோ? அவன் பேரில் மட்டும் கண்காட்சியில் வைக்கப் போகிறானோ? செத்தவனை வளைக்கிற வித்தை எனக்கு மட்டும்தான் வரும். அதுதான் தேவைப்பட்டிருக்கும்.

29 ஆகஸ்ட், செவ்வாய்

பஸ் சுங்கை சிப்புட்டில் பழுதாகி நின்றுவிட்டது. வேறு பஸ் பிடித்து மத்தியானமே எங்கள் புந்தோங்குக்கு வந்து சேர்ந்தேன். சந்து முனையில் ஷரபுதீனின் ஹோண்டா மோட்டார் சைக்கிள். வீட்டு முன்கதவு சாத்தியிருந்தது. பின்பக்கமாகப் போனேன்.

கொல்லையில் முத்தம்மா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தன் அம்மா செத்தபோதுகூட இவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஷரபுதீன் குந்தியிருந்தான். தணிந்த குரலில் என்னமோ சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக. எனக்கு அந்தச் சிரிப்பைக் காட்டி எத்தனை காலம் ஆகிறது?

நான் உள்ளே போகவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தேன். ஏன் போகல? போயி கேட்டிருக்க வேண்டியதுதான. நான் வேலை வேலைன்னு கோலா கங்சாருக்கும் ஈப்போவுக்கும் அலையறேன், சாவியையும் என் கையாலேயே எடுத்துக் குடுத்திருக்கேன். முட்டாப் பய.

மாலையில் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். இன்னிக்கு யாராச்சும் வந்தாங்களா என்று கேட்டேன். ஷரபு அண்ணன் வந்து சாயம் அடிச்சுட்டுப் போனாரு என்றாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, ஒன்றும் நடக்காதவள் மாதிரி.

பின்னறையைத் திறந்தேன். குப்புறக் கிடந்தவனும் போய்விட்டான்.

30 ஆகஸ்ட், புதன்

எழுதப் பிடிக்கவில்லை.

1 செப்டம்பர், வெள்ளி

நோன்பு திறக்கிற நேரமாகப் பார்த்துத்தான் அவன் கடைக்குப் போனேன். கூட்டம் இருக்கும் என்று தெரிந்தேதான். பாங்கு சொல்லி முடியவில்லை, கஞ்சிக் கிண்ணங்கள் நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஷரபுதீன் கையில் பேரீச்சம்பழம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வா மச்சான் என்றான்.

நோன்பு பிடிச்சுக்கிட்டு இன்னொருத்தன் வீட்டுப் பொருளைத் திருடுறியே, வெட்கமா இல்லையா என்று கேட்டேன். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொன்னால் அவமானம் எனக்கு. அதனால் பொம்மையைப் பற்றி மட்டும் கத்தினேன்.

அவன் கோபப்படவே இல்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான், ரொம்ப நேரம். மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசை மேல் வைத்தான்.

"சரி ராமையா. நாந்தான் எடுத்தேன், போதுமா? ஒக்காந்து கஞ்சி குடிச்சுட்டுப் போ."

சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். குற்றத்தை ஒப்புக்கொண்டவனைப் பிடித்தால் எனக்கு எப்போதும் ஒரு திருப்தி வரும். இன்று வரவில்லை.

5 செப்டம்பர், செவ்வாய்

ஹரிராயா, நோன்புப் பெருநாள் விடுமுறை. வருஷா வருஷம் அவன் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. மெஹர்பானு, அவன் மகள், ரெண்டங் கறிப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பாள். இன்று போகவில்லை. முத்தம்மா காலையிலேயே நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றாள். உடம்பு சரியில்லை என்றேன். அவள் நம்பவில்லை. கடையில் நான் கத்தியது அவளுக்கு யார் மூலமாவது எட்டியிருக்கும். புந்தோங்கில் எது எட்டாது? புடவையை மாற்றிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

இப்போதெல்லாம் நாங்கள் பேசுவது சோறா, குழம்பா என்பது மட்டும்தான்.

9 செப்டம்பர், சனி

இன்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எப்படி எழுதுவது?

"அவன் வந்தது டாங்கிக்கா, ஒனக்கா?"

இதுதான் கேட்டது. அவள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். அலசி முடித்தாள். கையைக் கழுவினாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள், ஈரக் கையோடு. தரதரவென்று கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பப்பாளி மரத்துக்குப் பின்னால், வேலியோரம். வரிசையாக நாலு மேடு, ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். தலைமாட்டில் கூழாங்கல். காய்ந்த செவ்வந்திப் பூ. மண்ணில் பால் காய்ந்த வெள்ளை.

"பொணத்த வீட்டுக்குள்ள போட்டு வெச்சுக்கிட்டு எப்படி நான் அடுப்பு பத்த வைக்கிறது? ஒங்களுக்கு அது பிளாஸ்டிக்கு. எனக்கு அப்படித் தெரியல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஷரபுதீன் சாயம் அடிக்க வந்த ஒரு நாள், அண்ணே, அதுல ஒருத்தரைக் கொடுங்க, எடுத்து அடக்கம் பண்ணிடறேன் என்று கேட்டிருக்கிறாள். அவன் சிரிக்கவில்லையாம். தானே பதமாக எடுத்து வந்து, குழி தோண்டுறது ஆம்பள வேலை தங்கச்சி என்று சொல்லி, தேக்கரண்டியால் தோண்டினானாம். எந்த மதமோ தெரியாது, எனக்குத் தெரிஞ்சத நான் ஓதிடறேன், ஒனக்குத் தெரிஞ்சத நீ செய் என்றானாம். நோன்பு வாயோடு ஓதினானாம். அவள் மூன்றாம் நாள் பால் ஊற்றினாள். அப்படி ஒவ்வொருத்தராக.

கடைசி மேட்டைக் காட்டினாள். குப்புறக் கிடந்தவன்.

"மொகம் தெரியலைல்ல. அதான், எங்கப்பாவா இருக்கட்டும்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் அப்பா பேர் அப்பாவு. கோலா கங்சார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஜப்பான்காரன் லாரியில் ஏற்றி சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். இவளுக்கு அப்போது மூன்று வயது. திரும்பி வரவில்லை, செத்ததாகச் சேதியும் இல்லை. மாமியார் கடைசி வரைக்கும் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. புருஷன் வருவான் என்றே இருந்து போய்ச் சேர்ந்தாள். அவள் பொட்டோடு இருக்கும்போது யார் கருமாதி செய்வது? அவள் போன பிறகு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. நான் ஆப்பிரிக்காவில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று புத்தகம் புத்தகமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஏன் எங்கிட்ட சொல்லல என்று கேட்டேன்.

"நீங்க சிரிப்பீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஷரபுதீனிடமும் அதையே சொல்லித்தான் வாயை அடைத்து வைத்திருக்கிறாள்.

10 செப்டம்பர், ஞாயிறு

ஆமாம். சிரித்திருப்பேன்.

17 செப்டம்பர், ஞாயிறு

ஒரு வாரமாகப் போகலாமா வேண்டாமா என்று இருந்துவிட்டு, இன்று ஷரபுதீன் கடைக்குப் போனேன். கூட்டம் இல்லாத நேரம். வாங்க, உக்காருங்க என்றான். மச்சான் என்ற வார்த்தை இல்லை. கடைப் பையனிடம் சொல்லாமல் தானே தேநீர் ஆற்றிக் கொண்டுவந்து வைத்தான், மற்ற வாடிக்கையாளருக்கு வைப்பது மாதிரி, பிடியை என் பக்கம் திருப்பி.

எல்லாம் தெரிந்துவிட்டது, மன்னிச்சுடு என்றேன். திருடன் என்று நாலு பேர் முன்னால் சொன்னதற்கு அதே நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கத் தயார் என்றேன். மனசாரச் சொன்னேன். அவன் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"திருடன்னு சொன்னத அன்னிக்கே மறந்துட்டேன்லா. ஆனா அன்னிக்கு ஒங்க கண்ணுல வேற ஒண்ணு இருந்துச்சு. அத வாயால சொல்லல, ஆனா நான் பாத்தேன். அந்தப் புள்ள என்னைய அண்ணன்னு கூப்பிடுது. அத நான் எப்படி மறக்கறது, சொல்லுங்க."

முகத்தைப் பார்த்தே ஆளைப் படிப்பவன் என்று எனக்கு எத்தனை பெருமை! அவன் அன்றைக்கு என் முகத்தைப் படித்திருக்கிறான், ஒரு எழுத்து விடாமல். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினான். அந்த மரியாதைக்குப் பதில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

2 அக்டோபர், திங்கள்

புரட்டாசி அமாவாசை. கோலா கங்சாரில் ஆற்றங்கரையில் மாமனாருக்குக் கருமாதி. மகன் இல்லாததால் மருமகன் நான் செய்தேன். தலையை மழித்தேன். எதற்கு இத்தனை வருஷம் கழித்து என்று ஐயர் கேட்டார். முத்தம்மா, இப்பத்தான் நேரம் வந்துச்சு சாமி என்றாள்.

பிண்டம் கரைக்க ஆற்றில் இறங்கும்போது மேலே மரத்தடியில் ஹோண்டாவைப் பார்த்தேன். ஷரபுதீன் தொப்பியோடு கைகட்டி நின்றான். நான் கூப்பிடவில்லை, முத்தம்மா சொல்லியிருப்பாள். மூன்று முறை முங்கி எழுந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது மரத்தடியில் யாரும் இல்லை. இந்த முறை யாரும் எதையும் திருடிக்கொண்டு போகவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை.

31 அக்டோபர், செவ்வாய்

தீபாவளி. ஷரபுதீன் வரவில்லை. மெஹர்பானு மட்டும் வந்து முத்தம்மாவோடு அடுக்களையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுவிட்டுப் போனாள்.

3 டிசம்பர், ஞாயிறு

கண்காட்சி. பாலைவனத்தைத் தனியாகவே முடித்தேன். அவனுடைய இங்கிலீஷ் டாங்கிகளுக்கு மிச்சமிருந்த துருவை அவன் பூசுகிற மாதிரியே பூசப் பார்த்தேன். வரவில்லை, துடைத்துவிட்டு அரைகுறையாகவே வைத்தேன். அட்டையில் இரண்டு பேர் பேரையும் எழுதினேன், அவன் பேர் முதலில். அவனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். வரவில்லை.

நடுவராக வந்த சீனர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியராம், குனிந்து வெகுநேரம் பார்த்தார். டாங்கி இப்படி எரிந்திருக்கிறது, ஒருத்தன்கூடச் சாகவில்லையா என்று மலாயில் கேட்டார். அடக்கம் பண்ணியாச்சு என்றேன். மணலில் இருந்த நாலு பள்ளத்தையும் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பரிசு கப்பல் செய்தவருக்கு.

முத்தம்மா பக்கத்திலேயே நின்றாள். ஷரபு அண்ணன் இருந்திருந்தா அந்த ஆளை சும்மா விட்டிருக்க மாட்டாரு என்றாள். ஆமாம் என்றேன்.

21 மார்ச் 1981, சனி

மெஹர்பானுவுக்குக் கல்யாணம் வருகிறது. அழைப்பிதழ் தபாலில் வரவில்லை. ஷரபுதீனே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், நான் கோலா கங்சார் பஸ்ஸில் இருக்கும் நேரமாகப் பார்த்து.

உறையின் மேல் அவன் கையெழுத்தில்: தங்கச்சி முத்தம்மா குடும்பத்தாருக்கு.

புந்தோங்கில் எந்த அழைப்பிதழும் பெண்பிள்ளை பேருக்கு வந்து நான் பார்த்ததில்லை. புருஷன் பேர்தான் இருக்கும். வேண்டுமென்று எழுதியதா, கைத்தவறா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழைய புத்தி எங்கே போகும்? கைத்தவறு இல்லை. யோசித்து எழுதிய எழுத்து. என்னை விடவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. குடும்பத்தார் என்றால் அதில் நானும் அடக்கம், முத்தம்மா கூட்டிக்கொண்டு போனால்.

சாப்பிட்டு முடித்து, அவள் தட்டு எடுக்கும்போது, நானும் வரட்டுமா என்று கேட்டேன். கல்யாணம் ஆன நாளாக எந்த வாசலுக்குப் போவதற்கும் நான் இவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஒங்க வெள்ளச் சட்டையைத் தேச்சு வெச்சுருக்கேன்" என்றாள்.